காலி வண்டியில் எரியாத விளக்கு

சேகருக்கு,

போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். "லைன்ல நிக்கிறேன்மா, அப்பறம் பேசுறேன்" என்பாய், அந்த அப்புறம் வராது. வாய்ஸ் அனுப்பச் சொல்வாய், அனுப்பினால் வேகமாக ஓடவிட்டுக் கேட்பாய், நான் அழுதது உனக்குக் கிளி கத்துகிற மாதிரி கேட்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுதுவது, பிழை இருக்கும். அதைப் பொறுத்துக்கொள் என்று கேட்கமாட்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டிய பிழை அதைவிடப் பெரியதாக இரண்டு இருக்கிறது. ஒன்று என்னுடையது, ஒன்று உன்னுடையது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கீரப்பாளையத்திலிருந்து வண்டி பார்க்க வந்தார்கள். நீ அனுப்பிய ஆட்கள்தான். வருவதற்கு முந்தின நாள் எனக்குப் போன் செய்து பாடம் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அவுங்க வர்றப்ப நீ ஒண்ணும் பேசாதம்மா. கம்ப்ளைண்ட்டு எதுனா இருக்கான்னு கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லு. ஒனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்?" சரி, எனக்கு என்ன தெரியும். உங்கப்பாவோடு அந்த வண்டி இருந்த பதினோரு வருசமும் அதன் பின்பக்கத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் உங்கப்பாவுக்கு, பின்பக்கம் எனக்கு. ஒரு பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைப் பற்றி மட்டும் யாராவது பரீட்சை வைத்தால் நான் பாஸாகிவிடுவேன்.

வந்தவன் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். கூட அவன் பெண்டாட்டியும் வந்திருந்தாள். சின்ன வயசு, வயிற்றில் ஐந்து மாசம் இருக்கும். அவன் டயரைப் பார்த்தான், இஞ்சினைப் போட்டுக் கேட்டான், அடியில் குனிந்து பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, அவளைப் பின்னால் போய் நிற்கச் சொன்னான். பிரேக்கை மிதித்துக்கொண்டு, "எரியுதா?" என்றான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் குனிந்து பார்த்து, "ரெண்டும் எரியுதுங்க" என்றாள். நான் வாசல்படியில் நின்றிருந்தேன். என் வாயில் இருந்து அந்த வார்த்தையைப் பிடுங்கி அவள் வாயில் வைத்த மாதிரி இருந்தது. உள்ளே போய் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உட்கார்ந்துவிட்டேன். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்ததுகூட மேலண்டை வீட்டு அக்காதான்.

உனக்கு அந்த வார்த்தையின் கதை முழுசாகத் தெரியாது. நீ படிக்கப் போய்விட்டாய், அப்புறம் வேலைக்குப் போய்விட்டாய். கருவாடு முந்தின நாள் சாயந்திரமே தேவனாம்பட்டினத்திலிருந்து வந்து வண்டியில் ஏறிவிடும். மூட்டை மூட்டையாக அடுக்கி, படுதா போட்டுக் கட்டி, வாசலிலேயே நிற்கும். தெருவே நாறும். "ஒங்க வூட்டுல என்னா கொழம்புன்னு கேக்கவே வேண்டியதில்ல" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். "மோந்து பாத்துட்டு சோறு துன்னுங்க, கொழம்பு மிச்சம்" என்பார் உங்கப்பா. காலையில் ஏழு மணிக்கு அந்த மூட்டைகளோடு சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். கிளம்புவதற்கு முன்னால் தினமும் ஒரு தடவை பிரேக்கை மிதித்து "எரியுதா?" என்று கேட்பார். நான் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "எரியுது" என்பேன். இதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் காலை வணக்கம். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற நாட்களிலும் இந்த ஒரு கேள்விக்கும் இந்த ஒரு பதிலுக்கும் மட்டும் விதிவிலக்கு உண்டு. மத்தியானம் மூட்டைகளை இறக்கிவிட்டு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார். காலி வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல சிதம்பரத்தில் அவருக்கு யாரும் இல்லை. இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

போன தை மாசம் பொங்கல் லீவுக்கு நீ வந்தாய். அந்த மாசக் கடைசியில் வண்டிக்கு எஃப்சி, ஆபீசரிடம் காட்டி ஓட்டத் தகுதி என்று சான்று வாங்கவேண்டும். பழைய வண்டி, துருப்பிடித்த வண்டி, பெயிண்ட் அடிக்காமல் கொண்டுபோனால் ஓரமாக நிறுத்திவிடுவார்கள் என்று உங்கப்பாவுக்கு பயம். பெயிண்டர் வேண்டாம், நானே அடிக்கிறேன் என்றாய். உங்கப்பா எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா? இரண்டு நாள் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தாய். மூட்டை ஏற்றுகிற பின்தொட்டியைத் தாங்குகிற போல்ட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, கறுப்புப் பெயிண்டைப் பூசி, காயவைத்துத் திரும்ப மாட்டினாய். உங்கப்பா பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். பெரிய ஆபரேசனில் டாக்டருக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கிறவர் மாதிரி. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எம் மவன், கார் கம்பெனில ஒயரிங் போடுறான், அவனே இத செய்றான் பாருங்க" என்றார். வெளியே தெரியிற இடத்தில் மட்டும் அடித்தால் போதும்டா, ஆபீசர் படுத்தா பார்க்கப்போகிறார் என்றுகூட உன்னிடம் சொன்னார். நீதான், உள்ளேயும் அடித்தால்தான் உப்புத்தண்ணி பிடிக்காது என்றாய். வேலை செய்தால் நறுவிசாகச் செய்கிறவன் நீ, சின்ன வயசிலிருந்தே. நோட்டுக்கு அட்டை போட்டால்கூட மூலை மடிப்பு ஒன்றுபோல இருக்கும். நான் அந்த இரண்டு நாளும் மீன் வறுத்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு இரண்டு நாள் வரவில்லை.

எஃப்சி ஆனது. மாசி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் உங்கப்பா வந்து இறங்கினதும் இறங்காததுமாக என்னைக் கூப்பிட்டார். புதுச்சத்திரம் தாண்டி பைக்கில் போன ஒருத்தன் வண்டி பக்கத்தில் வந்து, பிரேக் லைட் எரியல பெருசு, எவனாவது வந்து சொருகிக்கப்போறான் என்று கத்திவிட்டுப் போனானாம். "காலையில எரியுதுன்னு நீதான சொன்ன?" என்றார். எரிந்தது, சொன்னேன் என்றேன். மறுநாள் காலையில் மூட்டையோடு மிதித்துப் பார்த்தால் ஜோராக எரிந்தது. அவன் எவனோ குடித்துவிட்டு ஓட்டியிருப்பான் என்று விட்டுவிட்டோம். பத்து நாள் கழித்து இன்னொருத்தன். அப்புறம் ஒரு பஸ் டிரைவர். காலையில் பார்த்தால் எரியும், மத்தியானம் எவனாவது எரியவில்லை என்பான். ஒரு தடவை மத்தியானம் வீட்டு வாசலிலேயே பார்த்தோம், எரியவில்லை. உங்கப்பாவுக்குக் கோபம் வந்து தொட்டியை ஒரு உதை விட்டார், எரிந்துவிட்டது. அன்றிலிருந்து அது உதை வாங்குகிற வண்டியாகிவிட்டது.

அப்போதெல்லாம் அவர் உனக்குத்தான் போன் செய்தார். ஒயரிங் தெரிந்த மகன் இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பார்? நீ முதலில் பல்ப் மாற்றச் சொன்னாய். மாற்றினார். அடுத்த தடவை ஃபியூஸ் என்றாய். மாற்றினார். அடுத்தது பிரேக் பெடலுக்கு மேல் இருக்கிற சுவிட்ச் என்றாய். குனிய முடியாத இடுப்பை வைத்துக்கொண்டு அதையும் சிதம்பரம் போகிற வழியில் கடையில் நிறுத்தி மாற்றினார். ஒவ்வொன்றும் மூட்டையோடு காலையில் மாற்றியது, மாற்றியதும் எரிந்தது, "பாத்தியா, எம் மவன் போன்லயே கண்டுபுடிச்சிட்டான்" என்று எனக்குச் சொல்லிக் காட்டினார். நாலு நாளில் எவனாவது கத்துவான். திரும்பவும் உனக்குப் போன். ஒரு தடவையாவது, எப்போது எரிகிறது, எப்போது எரியவில்லை என்று நீ கேட்டாயா? அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். வண்டியின் பின்பக்கம் என்னுடையது என்றேனே. ஆனால் என்னைத்தான் யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

யோசிப்பதற்குப் பதிலாகச் சண்டை போட்டோம். அவர் நான் பார்க்காமல் சொல்கிறேன் என்றார். நான் அவர் மார்க்கெட்டில் வருகிறவன் போகிறவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்து என்னைத் திட்டுகிறார் என்றேன். இரண்டு பேரும் சொன்னது உண்மை. காலையில் எரிந்ததும் உண்மை, மத்தியானம் எரியாததும் உண்மை. முப்பது வருசம் குடும்பம் நடத்திய இரண்டு பேர், அடுத்தவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்று ஆறு மாசம் ஒரு நிமிசம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. ஆவணியில் ஒரு நாள் சாயந்திரம், மேலண்டை வீட்டு அக்காவை வைத்துக்கொண்டே, "இவ கண்ண மூடிக்கினு எரியுதுன்னுவா, பொய் சொல்றதுக்கு சம்பளம் குடுத்தா இவளுக்குத்தான் குடுக்கணும்" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான், அக்காகூடச் சிரித்தாள். எனக்கு முள்ளாகக் குத்தியது.

மறுநாள் காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல "எரியுதா?" என்றார். நான் வாசலில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி அலசிக்கொண்டிருந்தேன். எழுந்து போகவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எரியுது எரியுது, போங்க" என்றேன். போயிட்டு வாங்க என்பதுதான் நம் வீட்டு வழக்கம், உனக்குத் தெரியும். அன்றைக்கு வெறும் போங்க. அவர் போனார். என்னைப் பொய் சொல்கிறவள் என்று சொன்னவரை, சொன்னதற்கு மறுநாளே, நான் பொய் சொல்லி அனுப்பினேன். இது என்னுடைய பிழை. இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. நீ வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, "காலைல கெளம்பறப்ப எல்லாம் நல்லாத்தான இருந்துச்சும்மா?" என்று கேட்டாய். நல்லாத்தான் இருந்தது என்று உன்னிடமும் சொன்னேன்.

அன்றைக்கு மத்தியானம் காலி வண்டியோடு வந்துகொண்டிருக்கும்போது குறுக்கே ஆடு ஓடிவந்தது. அவர் பிரேக் போட்டார். பின்னால் வந்த வேன் இடித்தது. பெரிய இடிகூட இல்லை, விளக்குகூட உடையவில்லை, இடது மூலை நசுங்கியதோடு சரி. வண்டி சரிந்து வாய்க்கால் பக்கம் இறங்கியது, கதவு திறந்துகொண்டது, அவர் தலை மதகுக் கட்டையில் மோதியது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவரைத்தான் முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அந்த வேன் டிரைவர் நின்றிருந்தான், நாற்பது வயசு ஆள். "அவரு பிரேக் போட்டதே தெரியலம்மா, லைட்டு எரியலம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். நீ பாய்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்தாய். "எங்கப்பா வண்டிய நான் கையால தொட்டுத் தொட்டு ரெடி பண்ணி வெச்சிருக்கேன்டா, லைட்டு எரியலன்னு சொல்றியா?" என்றாய். நான் நடுவில் வந்து, இருடா, அவன் சொல்வது நிஜமாக இருக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் சாயந்திரம் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களில் யாரோ வாசலில் கால் கழுவிக்கொண்டே, "தூறல்லயும் நல்லா எரிஞ்சுதுப்பா" என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே உட்கார்ந்து கேட்டேன். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் சொல்வதில்லை. அடுப்பைக்கூடப் பற்றியிருக்கிறது என்றுதான் சொல்கிறேன். இந்த வருசம் கார்த்திகைக்கு விளக்கு வைக்கிற வேலை இல்லாமல் போனது, அந்தமட்டில் நல்லது.

கருமாதிக்கு உன்னோடு வேலை செய்கிற பையன்கள் இரண்டு பேர் வந்தார்களே, அவர்களில் ஒருத்தன் சாப்பிட்டுவிட்டு என்னிடம் பேசிக்கொண்டிருந்தான். கம்பெனியில் உங்களுக்கு என்னப்பா வேலை என்று சும்மா கேட்டேன். ஒயர் எல்லாம் கட்டாக வேறு இடத்திலிருந்து வருமாம். நீ ஒரே ஒரு கனெக்டரை எடுத்து, ஒரே ஒரு இடத்தில் 'டக்' என்று சத்தம் வருகிற வரைக்கும் அழுத்துவாயாம். அடுத்த கார் வரும், திரும்பவும் டக். நாள் முழுக்க அதுதானாம். அவன் குறையாகச் சொல்லவில்லை, கை வலிக்கும் பாவம் என்றுதான் சொன்னான். எனக்கு அது கேவலமாகவும் படவில்லை, உழைத்துத் தின்கிற வேலை. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. உங்கப்பா போன் செய்து கேட்டபோதெல்லாம் உனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். ஊர் முழுக்க ஒயரிங் போடுகிற மகன் என்று சொல்லி வைத்திருக்கிறாரே. அதனால் பல்ப் என்றாய், ஃபியூஸ் என்றாய், சுவிட்ச் என்றாய். வாயில் வந்ததைச் சொன்னாய். "எனக்குத் தெரியலப்பா, கடையில காட்டுங்க" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அவர் உன்னைக் குறைவாக நினைத்திருக்கமாட்டார். கொஞ்சம் வருத்தப்பட்டிருப்பார். வருத்தப்பட்டுக்கொண்டு உயிரோடு இருந்திருப்பார்.

இனி திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வண்டி சும்மா நிற்கிறதே என்று மேலண்டை வீட்டு அக்கா அவர்கள் வீட்டு வேலைக்கு வாங்கிய சிமெண்ட் மூட்டைகளை மழைக்கு அதில் போட்டு, படுதாவை மூடி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கீரப்பாளையத்துக்காரர்கள் பார்த்தபோது அத்தனை மூட்டையும் உள்ளேதான் இருந்தது. வண்டி விலை போகிறது என்றதும் திங்கட்கிழமை காலையில் ஆள் வைத்து இறக்கிவிட்டாள். அந்தப் பெண் "எரியுதுங்க" என்றது என் காதைவிட்டுப் போகவே இல்லை. எதற்கோ மனசு கேட்கவில்லை. ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டுபோய், ஒரு முனையை பிரேக்கிலும் இன்னொரு முனையைச் சீட்டிலும் வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு, பின்னால் போய்ப் பார்த்தேன். எரியவில்லை. இரண்டு பக்கமும் இல்லை. போய்க் கம்பைச் சரியாக வைத்துவிட்டு வந்தேன். எரியவில்லை. நேற்று மூட்டையோடு எரிந்தது, இன்றைக்கு மூட்டை இல்லாமல் எரியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் கருவாட்டு மூட்டை, மத்தியானம் காலி வண்டி. ஆறு மாசச் சண்டைக்கு அர்த்தம் என் கண் முன்னால் இருந்தது. ஒரு ஒட்டடைக் கம்பு போதும். அவரே ஒரு கம்பைச் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தால் சிதம்பரத்திலேயே இறங்கிப் பார்த்திருப்பார். என் வேலையை ஒரு கம்பு செய்யும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கிற எலக்ட்ரீசியன் பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். உங்கப்பா ஃபியூஸ் வாங்கினது அவரிடம்தான். வந்ததும் டூல்ஸ் பையைக்கூடத் திறக்காமல் என்னைத்தான் கேட்டார், "எப்ப எரியாது, அத சொல்லு மொதல்ல தங்கச்சி." சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உதைத்தால் எரிந்தது வரைக்கும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். விளக்கின் இரும்பிலிருந்து வண்டியின் அடிச்சட்டத்துக்கு ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டு என்னை மிதிக்கச் சொன்னார். காலி வண்டியிலேயே பளிச்சென்று எரிந்தது. பல்பும் நல்லது, சுவிட்சும் நல்லது, எர்த்துதான் பிடிக்கவில்லை என்றார். கரண்ட் போவதற்கு ஒரு வழி இருந்தால் திரும்புவதற்கும் ஒரு வழி வேண்டுமாம். இந்த வண்டியில் அது தொட்டியின் இரும்பு வழியாக, அடிச்சட்டத்தோடு சேர்த்து முடுக்கியிருக்கிற போல்ட்டு வழியாகத்தான் திரும்புகிறதாம். மூட்டை ஏற்றினால் தொட்டி அழுந்தி இரும்போடு இரும்பு ஒட்டும், எரியும். இறக்கினால் தொட்டி தூக்கிக்கொள்ளும், விட்டுப்போகும். புதுசாக முடுக்கினபோது ஒட்டிக்கொண்டிருந்து, ஓடி ஓடித் தளர்ந்த பிறகுதான் இப்படி ஆகியிருக்குமாம்.

அடியில் படுத்து ஒரு போல்ட்டைக் கழற்றி, அதில் கோத்திருந்த வட்டத் தகட்டை, அந்த வாசரை எடுத்து வெயிலில் காட்டினார். வாசரின் அடிப்பக்கத்தில், இரும்போடு இரும்பு ஒட்டவேண்டிய இடத்தில், கறுப்புப் பெயிண்ட். கண்ணாடி மாதிரி, ஒரு சொட்டு வழியாமல், ஒரு மயிர்க்கோடு விடாமல். "கையி சுத்தமான ஆளு, உள்ள வரைக்கும் கழட்டி அடிச்சிருக்கான். ஆனா எர்த்து ஒக்கார்ற எடத்துல மட்டும் அடிக்கக் கூடாது, சொரண்டி உட்டுறணும். யாரு தங்கச்சி அடிச்சது?" என்றார். நான், தெரியல பாய், எஃப்சிக்கு யாரோ பெயிண்டர் வந்து அடித்தான் என்றேன். பார், கேட்டதும் எப்படி வருகிறது எனக்குப் பொய். பாய் அந்த வாசரை என் கையில் கொடுத்துவிட்டு, ரெண்டு நிமிச வேலை, சுரண்டிவிட்டு முடுக்கிவிடவா என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போல்ட்டை மட்டும் திரும்ப மாட்டிவிட்டுப் போனார். இந்தக் கடிதம் காற்றுக்குப் பறக்காமல் வாசர் இதோ இதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

இதை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். பாயைக் கூப்பிட்டு சரிசெய்துவிட்டு, வண்டியை விற்றுவிட்டு, தெரிந்ததை என்னோடு வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம். தாய் என்றால் அப்படித்தான் செய்யவேண்டும் என்று நீ நினைப்பாய், ஊரும் நினைக்கும். ஆனால் நீ என்னிடம், "கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்றாயே, அந்த வார்த்தைதான் என்னை விடவில்லை. பார்க்கல என்று நான் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. தெரியல என்று நீ சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. இரண்டும் எவ்வளவு சின்ன வார்த்தை. இப்போது மூன்றாவதாக ஒண்ணுமில்ல என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்லப் பார்க்கிறோம். கீரப்பாளையத்துக்காரன் அந்த வண்டியில் நெல்லு மூட்டை ஏற்றப்போகிறானாம். காலையில் மூட்டையோடு கிளம்புவான், அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்னால் நின்று பார்த்து, எரியுதுங்க என்பாள். பார்த்துத்தான் சொல்வாள், என்னை மாதிரி இல்லை. ஆனாலும் அவளையறியாமல் அவள் சொல்வது பொய்யாகிவிடும். மத்தியானம் அவன் காலி வண்டியோடு வருவான்.

நீதான் அப்பாவைக் கொன்றாய் என்று நான் எழுதவில்லை. அப்படிப் படித்துக்கொண்டு அங்கே ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து அழாதே, அந்த அழுகை எனக்கு வேண்டாம். நீ ஆசையாகத்தான் அடித்தாய், அவர் ஆசையாகத்தான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். ஆடு ஓடியது, வேன் ஒட்டி வந்தது. அன்றைக்கு நான் எழுந்து போய்ப் பார்த்திருந்தாலும், மூட்டையோடு அது எரிந்துதான் இருக்கும், எரியுது என்றுதான் சொல்லியிருப்பேன். பாய் சொன்னதிலிருந்து இது புரிந்தபோது எனக்கு ஆறுதல் வந்திருக்கவேண்டும். வரவில்லை. என் பொய் பலித்துவிட்டது, அவ்வளவுதான், பார்த்துச் சொன்ன உண்மையாக அது ஆகிவிடாது. உனக்கும் அப்படித்தான். ஆசையாகச் செய்ததால் அது சரியாகச் செய்தது ஆகிவிடாது. எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆறுமா என்றும் தெரியாது. அந்தக் கோபத்தை உனக்குத் தெரியாமல் சோற்றில் பிசைந்து போடுவதைவிட இப்படி எழுதிக் கொடுப்பது மேல் என்று தோன்றியது. என் மேல் நீயும் கோபப்படு. அதற்குக் காரணம் இப்போதுதான் கொடுத்திருக்கிறேன்.

அவர்கள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வண்டி எடுக்க வருகிறார்கள். நீ அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை வா. லீவு இல்லை என்று சொல்லாதே. பொங்கலுக்கு இருந்தது, கருமாதிக்கு இருந்தது, இதற்கும் இருக்கும். வந்து பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படு. உங்கப்பா உட்கார்ந்த மணையில் நான் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறேன். நீ பூசின இடத்தை நீயே சுரண்டு, இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும். மறுநாள் அவர்கள் வந்ததும், என்ன பழுது, எதனால் வந்தது, யார் கையால் வந்தது என்று அவனிடம் நீ சொல், அவளிடம் நான் சொல்கிறேன். அந்த வேன் டிரைவர் வீடு எங்கே என்றும் விசாரித்து வை, அங்கேயும் ஒரு நாள் போகவேண்டும். கீரப்பாளையத்துக்காரன் விலையைக் குறைத்தால் குறைக்கட்டும், வேண்டாம் என்றால் வண்டி வாசலில் நிற்கட்டும். நீ வராவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன், அப்போது இரண்டு பேர் பங்கையும் நானே சொல்லவேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை சுரண்டி முடித்ததும் போல்ட்டை முடுக்கிவிட்டு வண்டியில் ஏறி உட்கார். தொட்டியில் ஒரு செங்கல்கூட இருக்காது, நான் பெருக்கி வைத்திருப்பேன். பிரேக்கை மிதி. உங்கப்பா கேட்ட மாதிரியே என்னைக் கேள். நான் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு, எழுந்து வந்து, பின்னால் நின்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டையும் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பேன். எரியவில்லை என்றால், எரியல என்றே சொல்வேன். நீ திரும்ப இறங்கிப் படு.

அம்மா